படிக்காமல் இருந்ததற்கு அத்தாட்சி

என் அண்ணைக்கு அந்த நாட்களில் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, கனடாவில் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் கேட்டதை விட இரண்டு மடங்கு பேப்பர் கொண்டுபோக வேண்டும். மற்றது, படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் உலகத்தில் யாராயிருந்தாலும் இரங்குவார்கள். முதலாவதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. இரண்டாவது நம்பிக்கை என் வாழ்க்கையில் ஒரு வருடத்தைத் தின்றது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அக்கா ஸ்பொன்சர் செய்து, அம்மாவும் அப்பாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவில் வந்து இறங்கியிருந்தோம். வந்து சூட்கேஸ் முழுதாகப் பிரிக்கவில்லை, கியூபெக் மாகாணத்து மொன்றியலிலிருந்து அண்ணை போன் எடுத்தார். அவர் எங்களுக்கு முன்பே தனியாக வந்து, அகதியாகப் பதிந்து, டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"அவளை இஞ்சை அனுப்புங்கோ அம்மா. இஞ்சை யூனிவர்சிற்றிப் படிப்பு மலிவு. ஆனால் கியூபெக் ஆக்களுக்குத்தான் மலிவு. ஒரு வருசம் இஞ்சை இருந்தால் அவளும் கியூபெக் ஆள் எண்ட கணக்கு. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

எல்லாரும் என்றால் யார் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் பேரங்காடி வரிசையிலும் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வந்த செய்தி அது. 'ஒரு வருசம் இருந்தால் சரி' என்ற முன்பாதி பத்திரமாக எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் பின்பாதி வழியில் யாருடைய வாயிலோ நின்றுவிட்டது.

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் அண்ணையின் வீடு ஒற்றை அறை வீடு. நான் வந்ததும் அறையை எனக்குத் தந்துவிட்டு அவர் ஹோலில் இருந்த சோபாவுக்கு மாறினார். சோபா அவரை விடக் குட்டை. கால் இரண்டும் கைபிடிக்கு வெளியே நிற்கும். நான் சண்டை பிடித்துப் பார்த்தேன். "படிக்கிற பிள்ளைக்கு அறை வேணும்" என்று கதையை முடித்துவிட்டார். அப்போது நான் எதையும் படித்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தக் குறையையும் அவர் நீடிக்க விடவில்லை. முதல் வாரமே என்னை மெற்றோவில் ஏற்றி டவுன்டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பதிவும் கம்பியூட்டரும் சேர்ந்த முழுநேர வகுப்பில் சேர்த்துவிட்டார். எங்கள் மாடியில் இருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் ஒரு பேக்கரி தொழிற்சாலைக்குப் போய்வந்தார்கள். ஒரு வருடம்தானே, நானும் அவர்களோடு போகிறேன் என்றேன். அண்ணைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீ பக்டரிக்குப் போகவோ நான் உன்னை இஞ்சை கூப்பிட்டனான்? ஒரு வருசம் சும்மா இருந்தால் படிப்பு விட்டுப் போயிடும். கையிலை புத்தகம் இருக்க வேணும்."

இதை நீங்கள் எந்த யாழ்ப்பாண வீட்டில் சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஷெல் விழுந்த காலத்திலும் பதுங்கு குழிக்குள் சமன்பாடு மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் இல்லையென்றால் ரியூசன், ரியூசன் இல்லையென்றால் பழைய வினாத்தாள். பிள்ளை படிக்காமல் இருப்பது எங்களுக்கு ஒரு நோய் மாதிரி. அண்ணைக்கு அது இன்னும் கூட. அவர் உயர்தர வகுப்பின் நடுவில், பரீட்சை எழுதாமலே ஊரை விட்டு ஓட வேண்டி வந்தவர்.

ஆகவே போனேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, இலையுதிர்ந்து, பனி கொட்டி, பனி கறுத்து, சேறாகி உருகி, கோடை தொடங்கும் வரைக்கும் போனேன். ஒரு நாள் பனிப்புயலில் பஸ் ஓடவில்லை. அண்ணை என்னை மெற்றோ வரைக்கும் நடத்திக் கொண்டுபோனார். கல்லூரி வாசலில் பூட்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தோம். மூக்கு எனக்கு மூன்று நாள் எரிந்தது. முடிவில் சிவப்பு முத்திரை குத்திய ஒரு சான்றிதழ் தந்தார்கள். முழுநேர மாணவி, ஒரு நாளும் தவறாத வரவு என்று அதில் இருந்தது. அண்ணை அதை அன்றே கொண்டுபோய் லமினேற் செய்வித்தார்.

இடையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். வசந்தத்தில் அனுமதி வந்தது, உயிர் இரசாயனவியலுக்கு. அண்ணை அந்தச் செய்தியை அக்காவுக்கும் அம்மாவுக்கும் சொல்லி, பிறகு தெருமுனைக் கடைக்காரருக்கும் சொன்னார். கட்டணத் தாள் தனியாக வந்தது. நான் கியூபெக்கில் வசிப்பவர் என்று இன்னும் நிறுவப்படவில்லை, அதனால் வெளிமாகாணத்தவரின் கட்டணம் என்று போட்டிருந்தார்கள். உள்ளூர்க் கட்டணத்தைப் போல அது பல மடங்கு. நாங்கள் பதறவில்லை. ஒரு வருடம் இருந்துவிட்டோம்தானே, போய்க் காட்டினால் முடிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனோம். அண்ணை கலியாண வீட்டுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டிருந்தார். நம்பர் எடுத்துக் காத்திருந்து, எங்கள் முறை வந்ததும் மேசைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மறுபக்கத்தில் இருந்த பெண்மணிக்கு அம்மாவின் வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் மெதுவாகக் கதைத்தார், எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே.

வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார், கொடுத்தேன். என் பெயரையும் சேர்த்து எழுதுவித்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. மருத்துவ அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். போன் பில்லைக் கேட்டார், அதுவும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டார். பிறகு முத்திரையைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அண்ணை தன் கோப்பைத் திறந்தார். அவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் ஆட்களுக்கு ஒரு காரியம் சரிவரப் போகிறது என்று தெரிந்தால் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் பிள்ளை சும்மா ஒரு பிள்ளை இல்லை என்று எதிரில் இருக்கிறவருக்கும் சொல்லிவிட்டுத்தான் எழும்புவோம். அவர் லமினேற் செய்த சான்றிதழை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"மதாம், மை சிஸ்டர் குட் ஸ்ருடன்ற். புல் டைம். நோ அப்சென்ற்."

அந்தப் பெண்மணி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். வாசித்தார். முத்திரையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"முழுநேரமா?" என்று என்னைக் கேட்டார்.

"யெஸ், யெஸ், புல் டைம்!" என்று அண்ணை முந்திக்கொண்டார். நானும் தலையாட்டினேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பெண்மணி விளக்கினார். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கியூபெக்கில் வசித்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதமும் முழுநேர மாணவியாக இருந்திருக்கக் கூடாது. படிக்க வந்தவர் வேறு, வாழ வந்தவர் வேறு என்று சட்டம் பிரிக்கிறது. நான் வகுப்புக்குப் போன மாதங்கள் கணக்கில் வராது. வகுப்பு முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். வகுப்பு முடிந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. என் ஆங்கிலத்தில்தான் பிழை என்று நினைத்து, சமையலறையில் பழகிய தன் பிரெஞ்சில் அந்தப் பெண்மணியையே கேட்டார். அவர் பிரெஞ்சிலும் அதையே சொன்னார். அண்ணை சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப, படிச்சது பிழையோ?"

நான் தொழிற்சாலைக்குப் போயிருந்தால் அந்த மலிவுக் கட்டணம் கிடைத்திருக்கும். வீட்டில் படுத்துக் கிடந்திருந்தாலும் கிடைத்திருக்கும். ரீவி பார்த்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஒரு வருடத்தில் நான் செய்திருக்கக் கூடிய அத்தனை காரியங்களிலும் செய்யக் கூடாத ஒன்றே ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு நாளும் தவறாமல் செய்திருந்தேன்.

அந்தப் பெண்மணி எங்களை விரட்டவில்லை. விரட்டியிருந்தால் அவரைத் திட்டியாவது மனம் ஆறியிருக்கும். அவர் தன் தாள்களைப் புரட்டி வேறு வழி இருக்கிறதா என்று எங்களுக்காகத் தேடினார். இங்கே பிறந்தாயா? இல்லை. தாயோ தகப்பனோ கியூபெக்கில் இருக்கிறார்களா? இல்லை, ரொறன்ரோவில். உன்னைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தவர் கியூபெக்கில் இருக்கிறாரா? அவர் அண்ணையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஓம் என்று சொன்னால் அந்த நொடியே முடித்துத் தந்திருப்பார்.

எங்களை ஸ்பொன்சர் செய்தது அக்கா. முதலில் கையெழுத்துப் போட முன்வந்தது அண்ணைதான். ஆனால் சமையலறைச் சம்பளம் போதாது என்று எல்லாரும் சேர்ந்து அக்காவைப் போடச் சொன்னோம். இப்போது அந்தப் பெண்மணியின் கேள்வியைக் கேட்டு அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் "நோ" என்றேன். அந்தப் பெண்மணி சான்றிதழைத் திருப்பித் தரும்போது, நல்ல புள்ளிகள் என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை இன்னொரு வேலை எடுக்கப் போவதாகச் சொன்னார். ஏற்கனவே விடிந்தால் போய் இருட்டி வருகிற மனிதர். இன்னொரு வேலை என்றால் நித்திரையைத்தான் விற்க வேண்டும். அப்படி விற்றாலும் அந்தக் கட்டணம் எட்டாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. சட்டம் எழுதியபடி இருந்தது. அதிகாரி நல்லவராக இருந்தார். அண்ணை பாசத்தில் செய்தார். நான் எடுத்து எறிவதற்கு ஒரு கோப்பை கூட அந்த வீட்டில் உபரியாக இருக்கவில்லை. அனுமதியை விட்டுவிடுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன். அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு வந்தது சும்மா இருக்கிற வருடம்.

அண்ணை அடியோடு மாறிப்போனார். கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்றவர், மேசையில் புத்தகம் கிடந்தால் எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். பகுதிநேரமாகப் படிக்கலாம், அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. மாலையில் இலவசப் பிரெஞ்சு வகுப்பு ஒன்று நடந்தது. போகட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்டும் வேண்டாம். பேந்து அதையும் படிப்பெண்டு கணக்கெடுத்தால் என்ன செய்யிறது? பேசாமல் இரு."

"அண்ணை, வாரத்திலை ரெண்டு மணித்தியாலம்தான்."

"போன முறையும் எங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டுதானே போனனாங்கள்?"

நூலகத்தில் அட்டை எடுக்கும்போதும் தொழில் என்ற இடத்தில் மாணவி என்று எழுதிவிடாதே என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். அரசாங்கம் முழுவதும் என் வாசிப்பைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தொழிற்சாலைக்குப் போக மட்டும் கடைசிவரை விடவில்லை. அந்த ஒரு விடயத்தில் பழைய அண்ணையாகவே இருந்தார்.

எதிர்வீட்டில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். துணி துவைக்கிற அறையில் சந்திப்போம். ஒரு நாள் என் கதையை முழுக்கச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவள் இயந்திரத்துக்குள் துணியைத் திணித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நான் இன்டர்நேஷனல் ஃபீஸ் கட்டறேன். உங்ககிட்ட அவங்க கேட்டதை விட அதிகம். எங்கப்பா வீட்டை வச்சு லோன் போட்டிருக்காரு. உங்களுக்கு ஒரு வருஷம் சும்மா இருந்தா போதும்னு சொல்றாங்க. நான் சும்மா இருந்தா விசா போயிடும், படிச்சா ஃபீஸ் கட்டணும். நான் என்னங்க பண்றது?"

அவளுடைய துணி காயும் வரைக்கும் இரண்டு பேரும் இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அம்மாதான் பெரிய தலையிடி. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பா. "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்பா. "சும்மா இருக்கிறன்" என்பேன். வேறு என்ன சொல்வது? சில மாதத்துக்குப் பிறகு குரல் மாறியது.

"சும்மாதானே இருக்கிறாய் பிள்ளை. இஞ்சை ஒரு பொடியன், நல்ல வேலை, வீடும் வாங்கிட்டான். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போவன். அங்கை இருந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?"

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அம்மா சொன்னதில் எனக்கு மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. படிக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது, வேலை செய்கிறேன் என்றும் சொல்ல முடியாது. கலியாணங்களில் தெரிந்தவர்கள் "என்ன பிள்ளை படிக்கிறீர்?" என்று கேட்கும்போது கைகழுவப் போகிற சாட்டில் எழும்பிவிடுவேன். காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் இருக்கவில்லை. நான் முட்டாளாகிக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

அண்ணை போனை வாங்கினார். "அம்மா, அவள் கியூபெக்கை விட்டு ஒரு அடி அசையக் கூடாது. அசைஞ்சால் எல்லாம் முதலிலை இருந்து. சட்டம் அப்பிடி" என்றார். ஒரு கிழமை ரொறன்ரோவுக்குப் போய்வந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். எங்களைக் கவிழ்த்த சட்டத்தை அவர் அந்த ஒரு தரம் குடையாகப் பிடித்தார். அம்மா முணுமுணுத்துக்கொண்டு வைத்துவிட்டா.

திரும்பவும் விண்ணப்பித்தேன், திரும்பவும் இடம் கிடைத்தது. பன்னிரண்டு மாதம் கழிந்ததும் அதே கந்தோருக்குப் போனோம். அதே பெண்மணி. அவருக்கு எங்களை ஞாபகம் இருந்ததா என்று தெரியாது, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறவர். அண்ணை இந்த முறை கோப்புக் கொண்டுவரவில்லை. கேட்ட பேப்பர் மட்டும் என் பையில் இருந்தது. அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, கையைக் கூட நம்பாதவராக உட்கார்ந்திருந்தார்.

"கடந்த பன்னிரண்டு மாதம் என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"முழுநேரப் படிப்பு?"

"இல்லை."

"பார்ஃபே" என்றார். மிகச் சரி என்று அர்த்தம். முத்திரை விழுந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. என்னைப் பற்றி அந்த நாட்டில் முதன்முதலாக யாரோ மிகச் சரி என்று சொன்னது, நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னதற்கு.

வாடகை ஒப்பந்தத்தைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண்மணியின் கண் அண்ணையின் பெயரில் நின்றது. "இந்த மிசியோ கன காலமாக இங்கே இருக்கிறாரா? இங்கே எப்போதாவது படித்தாரா?" என்று சிநேகமாகக் கேட்டார்.

அண்ணை நடுங்கிப்போனார். எங்கே தன்னால் இன்னொரு தரம் கெட்டுப்போகுமோ என்ற பயம். "நோ மதாம்! நெவர்! நோ ஸ்கூல். ஒன்லி வேர்க்!" என்று இரண்டு கையையும் வெளியே எடுத்து ஆட்டினார். ஒரு கொலைக்குற்றத்தை மறுப்பவர் கூட அவ்வளவு ஆட்டமாட்டார்.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். "அப்படியென்றால் உங்களுக்கும் இந்தக் கட்டணம்தான். எப்போது விருப்பமோ அப்போது வாருங்கள். உங்களிடம் நான் வேறு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை."

அண்ணை பிரெஞ்சில், என்னிடம் கேட்பதைப் போலச் சின்னக் குரலில், எத்தனை வயது வரைக்கும் சேரலாம் என்று கேட்டார். வயதுக் கணக்கு இல்லை என்றார் அந்தப் பெண்மணி. அண்ணை "மெர்சி" என்று சொல்லி எழும்பி, கதிரையைச் சத்தம் இல்லாமல் உள்ளே தள்ளி வைத்தார்.

வெளியே நல்ல வெயில். பஸ் தரிப்பிடத்தில் நின்றோம்.

"பாத்தியே? எனக்கெண்டால் உடனை குடுப்பினமாம்" என்றார் சிரித்துக்கொண்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பகிடிக்கு என்று அவர் சொன்னாலும் எனக்குப் பகிடியாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு வருடம் படிக்காமல் இருந்தது அவ்வளவு பெரிய தண்டனையாக இருந்தது. பதினேழு வயதிலிருந்து அவர் எத்தனை வருடம் அப்படி இருந்தார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கந்தோரில் கேட்ட எல்லாத் தகுதியும் அவரிடம்தான் முழுதாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னை வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தெருவில் நின்று விம்மினேன்.

பஸ் வந்து கதவு திறந்தது. அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஏறும்போது திரும்பிப் பார்த்தார்.

"விசரி, கிடைச்சிட்டுதெல்லே. பேந்தென்ன அழுகை?"